தலைக்கு மேல் தொங்கிய மைக்

படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் என் மகன் ஓடிவிட்டானாம்! சொல்வது யார்? எதிர்வீட்டுத் தையல்காரி. அவனுக்கு நாற்பத்தாறு வயது, ஒரு காது மந்தம். அவனை எந்தப் படை கூப்பிட்டது? அவன் போனது பயத்தில் இல்லை, வெட்கத்தில்.

எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மைக் செட் அவனுடையதுதான். பக்கத்து நாட்டோடு உரசல் வந்தபோதுகூடச் சிரித்தான்.

"சண்டை வராதும்மா. அங்கயும் ஓட்டு, இங்கயும் ஓட்டு. பெத்த பிள்ளைய சாகக் குடுக்க எவ ஓட்டுப் போடுவா?"

அவன் தொழிலில் ஒரு வித்தை உண்டு. கூட்டத்தின் தலைக்கு மேலும் ஒரு மைக்கைத் தொங்கவிடுவான். அது கைதட்டலைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இருபது பேர் தட்டினால் இருநூறு பேர் தட்டியதாகக் கேட்கும். பேசுகிறவருக்கு மனசு குளிரும், அவ்வளவுதான் என்பான்.

சண்டைக்குப் போகலாமா என்று நாட்டையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். போகலாம் என்றவர்கள் ஊர் ஊராகப் போட்ட கூட்டங்களிலும் அந்த மைக்கைக் கட்டினான். முன்வரிசை மட்டும்தான் தட்டியது, பந்தலே அதிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தாங்களும் தட்டினார்கள். வேண்டாம் என்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டபின் கூட்டமே போடவில்லை.

சண்டை வந்தது. எங்கள் தெருப் பால்காரரின் மகன் பெட்டியில் வந்தான். துக்கம் கேட்கப் போன என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார்.

"எனக்கு மனசே இல்லப்பா. ஊரே தட்டுச்சு. நான் மட்டும் எப்படி வேணாம்னு ஓட்டுப் போடுறது?"

வீட்டுக்கு வந்தவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஊரு தட்டலம்மா. நான்தான் தட்டுனேன்."

"நீ உன் தொழிலப் பாத்தே. விடுடா, யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியணும்ல?"

மறுநாள் காலை குளித்துவிட்டு அந்த மைக்கை மட்டும் பையில் போட்டான்.

"எங்கடா?"

"முதல்ல பால்காரர் வீடு. அப்புறம் இதைக் கட்டுன ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லணும்."

"ஒலிபெருக்கி இல்லாம நீ சொல்றத எவன்டா கேப்பான்?"

"கேக்குறவங்க கேக்கட்டும்."

"அடிச்சா?"

"அடிக்கட்டும்மா."

கொல்லைப்பக்கமாகப் போடா என்று கெஞ்சினேன். கேட்கவில்லை, முன்கதவைத் திறந்தான். எதிரே வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்தாள்.

"என்னண்ணே, காலையிலயே பையும் கையுமா? இன்னைக்கு எந்த ஊர்ல கூட்டம்?"

என் பிள்ளையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைகுனிந்தபடியே படியிறங்கிப் போனான்.