செப்பு அண்டாவின் தண்ணீர்

அந்த மீன்களைக் கொன்றவள் நான்தான்! பாவாத்தாளின் ராசி அல்ல, என் கை.

மீன் செத்ததற்கா இத்தனை பெரிய பேச்சு என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். முழுவதையும் கேட்ட பிறகும் அந்தச் சிரிப்பு உங்களிடம் மிஞ்சுகிறதா என்று பார்ப்போம்.

கல்யாணமான சில காலத்திலேயே கணவனைப் பறிகொடுத்துவிட்டு, கோயமுத்தூரில் என் தம்பி சின்னசாமியின் வீட்டோடு வந்து சேர்ந்தவள் நான். புருஷன் வீட்டிலிருந்து என்னோடு திரும்பி வந்தது ஒரு செப்பு அண்டா மட்டுமே. இன்னொன்றும் வந்தது... ராசியில்லாதவள் என்ற பெயர். காலடி வைத்ததும் மகனை விழுங்கிவிட்டாள் என்று என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். நல்ல காரியங்களில் நான் எதிரே வராதபடி என் சொந்த அம்மாவே பார்த்துக்கொண்டார்.

ஆகவே அந்த அண்டாவை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்குவேன். இரவெல்லாம் அதில் நின்ற தண்ணீர்தான் சாமிக்கு, பிறகு தம்பிக்கு, பிறகு எங்களுக்கு. செம்பில் நின்ற தண்ணீர் உடம்புக்கு நல்லது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அந்த வீட்டில் என்னுடையது என்று மதிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

தம்பிக்குத் தாராபுரத்திலிருந்து பெண் எடுத்தோம். அவள்தான் பாவாத்தாள். அமராவதிக் கரையில் வளர்ந்தவள். மறுவீடு போய்த் திரும்பியபோது ஒரு மண்பானையில் ஆற்று அயிரைகளை உயிரோடு கொண்டுவந்து இறக்கினாள். குழம்புக்கு ஆகிறதைக் கொலு வைக்கப் போகிறாளா என்று அம்மா கேலி பேசினார். தம்பியோ மில் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் கண்ணாடி பதித்து, அவளுக்கொரு தொட்டியே செய்து கொண்டுவந்துவிட்டான்!

அவள் அந்த மீன்களைப் பேணியதை என்னவென்று சொல்வது! அயிரை மேலே நீந்தித் திரியும் மீன் அல்ல. தரையில் படுத்து, மீசையால் மணலைத் துழாவி, பயம் வந்தால் அதற்குள்ளேயே புதைந்துகொள்ளும். கூழாங்கல் கிடந்தால் மீசை தேய்ந்துபோகும் என்று மணலை மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துப் போட்டாள். ஒளிந்துகொள்ள உடைந்த ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தாள். வெயில் விழும் பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிட்டாள். அந்தி சாய்ந்த பிறகுதான் தவிட்டு உருண்டை போடுவாள், வெளிச்சத்தில் அவை கூச்சப்படுமாம். சிறுவாணித் தண்ணீர் எங்கள் தெருக்குழாய்க்கு வந்த புதிது அது. அதையும் மண்பானையில் பிடித்து ஆறவைத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள்.

ஊர் நினைப்பு வந்தால் அவள் அழுததில்லை. தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். தம்பியும் பக்கத்தில் உட்காருவான். எனக்கு வயிறெரிந்தது என்று சொன்னால்தான் உண்மை. ஆம், எரிந்தது!

தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு புறப்பட்ட அன்று, மீன்களை என்னிடம்தான் ஒப்படைத்தாள். என்னை நம்பி ஒரு பொறுப்பை யாராவது கொடுத்து எத்தனை காலம் ஆகியிருந்தது! மனம் குளிர்ந்தேன். அந்தக் குளிர்ச்சி வாசற்படி வரைக்கும்கூட நிலைக்கவில்லை. வண்டியேறப் போனவள் திரும்பி வந்து, நாத்தனாரை எங்கள் பக்கம் அழைக்கிறபடி நங்கை என்று கூப்பிட்டுச் சொன்னாள்:

"நங்கை, செப்பு அண்டாத் தண்ணிய மட்டும் ஊத்தீராதீங்க. அதுகளுக்கு ஆவாதுங்க. எங்கூட்டுல ஒருக்கா ஊத்தி அத்தனையும் போயிருச்சுங்க."

என் அண்டாத் தண்ணீரா ஆகாது! சாமிக்கு ஆகிறது, அவள் புருஷனுக்கு ஆகிறது, சேற்று மீனுக்கு ஆகாதோ? நான் தொட்டது எதுவுமே உருப்படாது என்று சுற்றி வளைத்துச் சொல்கிறாளோ... அவள் அப்படி நினைத்திருக்கவே மாட்டாள். ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

சில வாரம் அவள் சொன்னபடியே செய்தேன். ஒருநாள் தொட்டி கலங்கியிருந்தது. மண்பானையில் தண்ணீர் இல்லை. அண்டா நிறைய, தளும்பத் தளும்ப இருந்தது. அவள் சொன்னது மறந்துபோய்ச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக நினைவிருந்தது! பார்த்துவிடலாமே என்றுதான், பழைய தண்ணீரை இறைத்துவிட்டு அண்டாத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன்.

அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தபோது... ஐயோ! மணலை விட்டு எழும்பாத மீன்கள் கண்ணாடியில் மோதிக்கொண்டு மேலே மேலே பாய்ந்தன. வாயைத் திறந்து காற்றைக் கவ்வின. சுழன்றன. கையை விட்டு அள்ளினேன், எங்கே கொண்டுபோய் விடுவது? குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், உலை பொங்கி அடுப்பை அணைத்தது.

அம்மா வந்து பார்த்தார். பார்க்கும்போது செத்துக் கிடந்தன என்று மட்டும் சொன்னேன். அது அரைப் பொய். அரைப் பொய்தானே என்று அன்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே தாராபுரத்திலிருந்து ஆள் வந்தது. பாவாத்தாளுக்குக் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது.

அம்மா தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவ வளத்த மீனும் தங்கல, பெத்த புள்ளயும் தங்கல. என்ன ராசியோ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! அந்த வார்த்தை எத்தனை ஆண்டுகளாக என் தலையில் இருந்தது... என் கண் முன்னாலேயே அது இடம் மாறி இன்னொருத்தி தலையில் போய் உட்கார்ந்தது. இதைவிட அதிர்ச்சி என்ன தெரியுமா? என் நெஞ்சு லேசானது! அந்த நிமிடத்தில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்காதீர்கள், இதோ இருக்கிறேன்.

அவளை அழைத்துவர வேண்டாம், வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா பேச்சை ஆரம்பித்தார். உறவுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தம்பி பிடி கொடுக்கவில்லை. ஒரு மாலை தனியாக என்னிடம் வந்தான். அவன் முகம் வாடியிருந்தது.

"அக்கா, அந்த மீன் எப்படிச் செத்துதுங்க?"

ஒரே ஒரு வாக்கியம்! நான் ஊற்றிய தண்ணீரில் செத்தது என்று சொல்லியிருந்தால் மறுநாளே அவன் தாராபுரத்துக்கு வண்டி கட்டியிருப்பான். அதற்காகத்தான் கேட்டான், எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன்?

"தெரியல கண்ணு. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

கோபிசெட்டிபாளையத்தில் பெண் நிச்சயமானது. அதன்பின் பாவாத்தாள் தன் சீர்ப் பாத்திரங்களை எடுத்துப்போக அப்பனோடு வந்தாள். அம்மா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. தம்பி மில்லுக்குப் போய்விட்டான். நான்தான் சாமான்களை எடுத்துக் கொடுத்தேன்.

போகும்போது தொட்டியருகே நின்றாள். தண்ணீர் வற்றி மணல் மட்டும் கிடந்தது. அதைக் கையில் அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நங்கை... செப்பு அண்டாத் தண்ணி ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

என் முதுகுக்குப் பின்னால், சமையலறையில், அண்டா பளபளத்துக்கொண்டிருந்தது. இவள் கண்டுபிடித்துவிட்டாள், இனித் தப்ப முடியாது என்று நினைத்தேன். கத்தப் போகிறாள், அம்மாவைக் கூப்பிடப் போகிறாள்... கூப்பிடட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன்.

"இல்ல அம்மணி" என்றது என் வாய்.

அவள் என்னை நம்பினாள்! கையிலிருந்த மணலை மெல்லத் தொட்டிக்குள்ளேயே உதிர்த்தாள்.

"அப்படீன்னா என்ர ராசிதானுங்க. அத்த சொன்னதுல தப்பில்லீங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க நங்கை, நல்லாத்தான் பாத்திருப்பீங்க."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவள் வண்டியேறினாள்.

இன்றைக்கும் அந்த அண்டாவில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். கோபிப் பெண் அதன் பளபளப்பைப் பார்த்து அதிசயிப்பாள். பாவாத்தாள் தாராபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதில்லையாம், எதிரே வரக்கூடாதென்று அவளாகவே ஒதுங்கிக்கொள்கிறாளாம்.

இதை எழுதுகிற இந்த வேளையில் தம்பி கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் இருமுவது கேட்கிறது. எழுந்து பத்தடி நடந்தால் போதும், ஒரே வாக்கியம்தான்... குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அண்டாவிலிருந்து மொண்டு கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.