இருபத்து மூன்றாம் அட்டை

என் தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. ஐயாவுக்கு வந்து குவியும் கல்யாணப் பத்திரிகையில் வெட்டி, பின்பக்கம் 23 என்று எழுதியது. மழை பெய்யும் மதியங்களில் அதைக் கையில் எடுத்தால், அபிராமபுரத்து வீட்டு டீயின் ஆவி முகத்தில் படுகிற மாதிரி இருக்கும்.

ஐயா டில்லியில் மந்திரியாக இருந்தவர். பத்திரிகைக்காரர்கள் வாயை அடைக்கும் சட்டத்துக்குக் கை தூக்க மாட்டேன் என்று பதவியை விட்டு வந்தவராம். அஞ்சாவது வரை படித்த எனக்கு அதெல்லாம் என்ன தெரியும். தொண்ணூறுகளில் நான் அவர் வீட்டில் டீ போட்டபோது அவர் வார்டு கவுன்சிலர். "டில்லியிலேர்ந்து குப்பைத்தொட்டிக்கு வந்துட்டீங்களே சார்" என்று ஒருவர் கிண்டல் செய்தார். "குப்பை அங்கயும் இருந்துது. இங்கதான்யா அள்ள முடியுது" என்று ஐயா சிரித்தார்.

காலையில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நம்பர் அட்டை கொடுப்பதும் என் வேலை. காரில் வந்தாலும் நடந்து வந்தாலும் அட்டை வரிசைதான். முறை வந்ததும் ஐயா எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்பார்.

ஒரு மாசியில், ஆற்றோரம் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே அனுப்பப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பங்குனியில் என் மகளுக்குப் பத்தாவது பரீட்சை. "இன்னாக்கா, தெனம் அவருக்கு டீ போட்டுக்கினு கீற, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வாரம் ஊருக்கெல்லாம் அட்டை கொடுத்தேன். எனக்கென்று ஒன்று எடுக்கக் கை வரவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். "இருபத்து மூணு" என்று கூப்பிட்டார். தினமும் "என்னம்மா, டீ ஆச்சா" என்று கேட்கிறவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க, உக்காருங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூச்சு விடாமல் சொன்னேன். "எடுக்கறத என்னால தடுக்க முடியாதும்மா, பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லிப் பாக்கறேன்" என்றார். டீயைக் கூடக் குடிக்காமல் கிளம்பினார். லாரிகள் வந்தது பரீட்சை முடிந்த பிறகுதான்.

இப்போது ஆஸ்பத்திரியில் மிஷின் நம்பர் சீட்டுத் தருகிறது. வெளியே வந்ததும் கசக்கிப் போட்டுவிடுவேன். அன்று அந்த அட்டையைத் திருப்பி வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை பயந்துகொண்டே அட்டைகளை எடுத்து எண்ணினேன். இருபத்திரண்டுக்கு அடுத்து, ஐயா கையெழுத்தில், புதிதாக வெட்டின இருபத்து மூன்று இருந்தது.