இரண்டு சாமிகளும் ஓர் இருமலும்

நீலகிரியின் ஓவேலியில் பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்குகிறது. தேயிலை விலை சரிந்ததால் மூடிக்கிடக்கும் ஃபேக்டரி வாசலில் எங்கள் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே ஒரே தகரக்கூரையின்கீழ் முனியப்பன் சூலமும் அந்தோணியார் சிலையும் இருக்கின்றன. ஒரு பெண் சூலத்துக்குக் கற்பூரமும் சிலைக்கு மெழுகுவத்தியும் ஏற்றுகிறார்.

"நான் முனியப்பனைக் கும்புடறவ, ஊட்டுக்காரரு வேதக்காரருங்க. இந்த ஃபேக்டரியை மூடுனதும் வேலை தேடிப் போனவரு மூணு மாசமா வரலைங்க. ரெண்டு சாமியில யாராச்சும் கூட்டியாந்து உடட்டும்."

ஃபேக்டரிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்கிறது.

"உள்ள யாருங்க?" என்று கேட்கிறேன்.

"எங்க ஊட்டுக்காரரு இருமலுங்க. தெனமும் கேக்கும். போய்ப் பாத்தா பூட்டுத்தான் தொங்கும்."

அடுத்த இருமல் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. சட்டென்று திரும்புகிறேன். பனியைத் தவிர எதுவுமில்லை.

அந்தப் பெண் திரும்பாமலே, கற்பூரத்தைப் பார்த்தபடி, இருமியவரிடம், "சாப்ட்டீங்களா?" என்கிறார்.