இல்லாத மாட்டுக்கு மருந்து

பலராமன் தன் வாழ்நாளில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட வளர்த்ததில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க அவர் பார்த்த வேலை, புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற கால்நடை மருந்துக் கடைகளில் ஏறி, "என் மாட்டுக்கு உடம்பு சரியில்லைங்க" என்று சொல்வதுதான். இப்படியும் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஒரே வீட்டில் நாங்கள் மாடி, அவர் கீழே. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கி ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் அந்தப் பெட்டிக்குள் நின்றிருக்கிறார். "ரெண்டு", "மூணு" என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மகள் பூவிழி கத்தாரில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், இவர் ஆச்சு ஆச்சு என்பார், வைத்துவிடுவாள். மனைவி அஞ்சலாட்சி ஊரடங்கு சமயத்தில் கிட்னி செயலிழந்து இறந்துபோனார். கொரோனா இல்லை என்று பலராமன் எவ்வளவோ சொன்னார். வேன் வந்தது, எடுத்துப் போனார்கள். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. துக்கம் விசாரிக்க வராதவர்கள், ஊரடங்கு முடிந்த பிறகும் வரவில்லை. ஆறிப்போன துக்கத்தை எப்படி விசாரிப்பது என்று ஆளுக்கு ஒரு கூச்சம். அதிலேயே விட்டுவிட்டார்கள்.

அவரை இந்த வேலைக்குப் பிடித்தவன் கோபிநாத். செத்த மாடுகளைத் தின்கிற பாறு கழுகுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பையன். டீக்கடையில் பலராமனின் முறுக்கு மீசையையும், கருத்த உடம்பையும், மடித்துக் கட்டிய வேட்டியையும் பார்த்துவிட்டு, நாலு ஜோடி மாடு வைத்திருக்கிற ஆள் என்று முடிவுகட்டிவிட்டான். வெயிலே படாமல் லிஃப்டுக்குள் வாழ்ந்தவர் என்று தெரிந்ததும் அவனுக்கு இன்னும் சந்தோஷம். எந்தக் கடைக்காரனுக்கும் இவரை முன்பின் தெரிந்திருக்காதே!

விஷயம் இதுதான். மாட்டுக்கு வலி குறையப் போடுகிற சில ஊசி மருந்துகள் பாறு கழுகுக்கு எமன். அதிலே முதல் எமன் டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட மாடு ஒன்றிரண்டு நாளில் செத்து, அதைக் கழுகுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் நின்றுவிடும். குடல், ஈரல் எல்லாம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்து, கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையிலேயே உட்கார்ந்திருந்து கீழே விழும். பாறு கூட்டமாகச் சாப்பிடுகிற சாதி என்பதால் ஒரு மாடு போதும், ஒரு கூட்டமே காலி. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறு இப்படித்தான் அழிவின் விளிம்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பவை மேற்கு மலைக்காட்டில் மாயாற்றுப் பக்கம் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடக்கின்றன. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. மெலாக்சிகாம் என்று கழுகுக்குக் கெடுதல் செய்யாத மருந்தும் இருக்கிறது. ஆனால் மனிதருக்கு விற்கிற ஊசியை மாட்டுக்குத் தள்ளிவிடுகிற கடைகள் இருக்கின்றனவா? அதைக் கண்டுபிடிக்கத்தான் பொய் மாட்டுக்காரர்.

"இங்க எங்க தம்பி கழுகு இருக்குது? தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீனுக்குச் சுத்துதே, அதுவா?" என்று பலராமன் கேட்டிருக்கிறார்.

"அது பருந்துங்க ஐயா" என்று கோபிநாத் சிரித்திருக்கிறான். "மாடு ஒரே எடத்துலயா இருக்குது? இங்க ஊசி போட்டது சந்தை சந்தையா கைமாறி மலையடிவாரம் வரைக்கும் போவும்."

கழுகு எப்படிச் சாகிறது என்று கோபிநாத் விளக்கிய அன்று பலராமன் வீட்டுக்கு வந்து சமைக்கவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவரை என்னவென்று கேட்டேன்.

"முட்டி வலின்னு அஞ்சலாட்சி அழுவா சார். நான்தான் மருந்துக்கடையில போய் வாங்கியாந்து குடுப்பேன். டாக்டர் சீட்டெல்லாம் கெடையாது. வருஷக்கணக்கா. இதே மருந்துதான், மாத்திரையா. கடைசியில டாக்டர், கிட்னி போனது அதாலயும் இருக்கலாம்னாரு."

உங்கள் தப்பு இல்லை என்றேன். அது எல்லாரும் சொல்வது. அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வேலையைச் செய்த மாதிரி வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரே கதை, ஒரே மாடு. செவப்பி என்று அதற்குப் பேர் வைத்தார். முட்டி வீங்கிக் கிடக்கிறது, படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, தீனி இறங்கவில்லை, முகம் உப்பிக் கிடக்கிறது. கேட்கிற கடைக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அத்தனையும் அஞ்சலாட்சி பட்ட பாடு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் இட்டுக்கட்டவே இல்லை. மாடு என்ற ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அன்வருதீன் கடை. மாட்டு மருந்து, கோழித் தீவனம், நாய்க்குச் சோப்பு. முதல் நாளே அவர் மெலாக்சிகாமைத்தான் எடுத்து வைத்தார். "வேற எதையும் யார் சொன்னாலும் வாங்காதீங்கண்ணே, தடை பண்ணது" என்று அறிவுரையும் சொன்னார். சரியான கடை. பலராமன் கோபிநாத்திடம் அப்படியே சொல்லிவிட்டார். ஒரு கடைக்கு ஒரு தடவைதான் போகவேண்டும் என்பது விதி. அந்தக் கடையில் அவர் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் பில்லைக் கொடுக்கும்போது அன்வருதீன், "செவப்பி எப்படி இருக்குன்னு வந்து சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி சொல்கிற வார்த்தைதான். நம் ஆள் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே போனார். அதற்கடுத்த வாரமும் போனார். அன்வருதீன் தொழுகைக்குப் போகிற நேரத்தில் அவர் மனைவி ஜரினா கடையைப் பார்ப்பார். இவரை உட்காரவைத்து டீ வாங்கித் தருவார்.

"மாட்டை வீட்ல யாருண்ணே பாத்துக்கறது?" என்று ஜரினா ஒருநாள் கேட்க, யோசிக்காமல் "அஞ்சலாட்சிதான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அஞ்சலாட்சிக்கு உயிர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா சாப்பிட்டாங்களா, அக்கா தூங்கினாங்களா என்று விசாரிப்பு. அந்தக் கடையில் மட்டும் பலராமனுக்கு மனைவி இருந்தார், மாடு இருந்தது, போனால் ஏன் வந்தாய் என்று கேட்காத மனிதர்கள் இருந்தார்கள். சாரத்துக்குத் திரும்பினால் பூட்டிய வீடு. பஸ் ஏறுகிற கால் எந்தப் பக்கம் போகும்?

ஆனால் ஒரு சிக்கல். மாடு குணமாகிவிட்டால் கடைக்குப் போக வேலையில்லை. செத்துப்போனாலும் வேலையில்லை. ஆகவே செவப்பி சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் கிடந்தது. ஒவ்வொரு வாரமும் அதன் வேதனையைப் புதிதாகச் சொல்லவேண்டி இருந்தது. அஞ்சலாட்சியின் கடைசி மாதங்களில் அதற்குச் சரக்கு நிறைய இருந்தது. டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அன்வருதீன் சொன்னபோதெல்லாம், பார்த்தாச்சு பாய், இதையேதான் போடச் சொன்னார் என்று மழுப்பினார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம். அன்வருதீன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலத்தை இவர் கையில் திணித்தார்.

"மெலாக்சிகாம் கேக்கலண்ணே அதுக்கு. இதைப் போட்டுப் பாருங்க. மனுஷனுக்குப் போடறது. டைக்ளோ. மாட்டுக்குத் தடைதான், தெரியும். நான் விக்கறதில்ல, வேற எடத்துல சொல்லி வாங்கியாந்தேன். நீங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசே ஆறல."

பலராமன் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இடத்தில் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒழுங்கா இருந்த மனுஷனை நான் கெடுத்துட்டேன் சார்."

சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்றேன். கோபிநாத் காதுக்குப் போனால் அதிகாரிகள் வரைக்கும் போகும், கடைக்கு லைசென்ஸ் இருக்காது. பொய் மாட்டுக்குத்தானே கொடுத்தார், எந்தக் கழுகு செத்தது?

"இன்னிக்கு எனக்குக் குடுத்தாரு. நாளைக்கு நெஜ மாட்டோட ஒருத்தன் வந்து அழுதா? ஒரு தடவை மனசு எளகிட்டா அடுத்த தடவை லேசு சார். எனக்குத் தெரியாதா? முதல் மாத்திரையை வாங்கத்தான் நானும் யோசிச்சேன். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடுமாம் அந்தக் கழுகு. ஆணும் பொண்ணும் மாறி மாறி அடை காக்குமாம். ஒண்ணு செத்துட்டா முட்டையும் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இந்தக் கழுகை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கோபிநாத்தின் போனில் ஒரு படம், அவ்வளவுதான். வழுக்கைத் தலையும் முதுகில் வெள்ளைத் திட்டுமாக இருக்கிற அந்தப் பறவைக்காக, வாரத்தில் ஒருநாள் கிடைக்கிற டீயையும் பேச்சையும் யாராவது விடுவார்களா? அவர் விட்டார். மறுநாளே போனார்.

"பாய், எங்கிட்ட மாடே இல்ல."

"செத்துடுச்சா?" என்று அன்வருதீன் எழுந்து நின்றுவிட்டார்.

"இருந்ததே இல்ல பாய்." பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். கழுகு, கோபிநாத், கடை கடையாகப் போனது, எல்லாம்.

"அப்ப என்னைப் புடிக்க வந்தவரா நீங்க?"

"முதல் நாள் அப்படித்தான் வந்தேன். நீங்க சரியான மருந்தைக் குடுத்தீங்க. அன்னிக்கே என் வேலை முடிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்தீங்க?"

பேச ஆள் இல்லை என்று சொல்ல ஓர் ஆம்பளைக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது! திருடிவிட்டேன் என்றுகூடச் சொல்லிவிடுவான். அன்வருதீன் பொட்டலத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

"திருப்பிக் குடுத்துடறேன். இனிமே யாருக்கும் கெடையாது, அது என் பொறுப்பு. நீங்க இந்தப் பக்கம் வராதீங்கண்ணே."

அப்போதும் அண்ணே என்றுதான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை என்று பலராமன் என்னிடம் சொன்னார்.

கோபிநாத்திடமும் போய், அந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போனேன், இனி என்னை நம்பி எதையும் எழுதாதே, வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டார். கோபிநாத் நல்ல பையன்தான், ஆனால் கத்தித் தீர்த்துவிட்டான். மாயாற்றுக்குக் கூட்டிப்போய் நிஜக் கழுகைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்ததும் அத்தோடு போயிற்று.

நாலைந்து நாள் கழித்து நான் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கினபோது அவர் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எந்தப் போனையும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஜரினா. பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"அண்ணே, செவப்பி போயிடுச்சாமே! இப்பத்தான் அவங்க சொன்னாங்க. வாயில்லா ஜீவன், எவ்ளோ பாடு பட்டுச்சு. நீங்க மனசை விட்டுடாதீங்க. கடைசி வரைக்கும் பாத்தீங்க இல்ல, அதுக்கு மேல என்னாண்ணே செய்ய முடியும்?"

பலராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். அஞ்சலாட்சி செத்த அன்று யாரும் சொல்லாதது அது. கன்னத்தில் கண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்கவில்லை.

"அக்காதான் பாவம். அவங்ககிட்ட குடுங்கண்ணே, ஒரு வார்த்தை பேசிடறேன்."

கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொல்லி நான் கை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தபடியே சொன்னார்.

"அஞ்சலாட்சி செத்து அஞ்சு வருஷம் ஆவுதும்மா. மாடும் எப்பவும் இருந்ததில்ல. பாய்க்குத் தெரியும். உனக்குச் சங்கடமா இருக்கும்னு அப்படிச் சொல்லியிருக்காரு."

ஜரினா போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"விடியக்காலத் தொழுகையில தெனமும் உங்க மாட்டுக்கும் அக்காவுக்கும் துஆ கேட்டேண்ணே" என்றார் ஜரினா. குரலில் கோபம் இல்லை. "அப்ப நான் யாருக்குத்தான் கேட்டேன்?"

"எனக்குத்தாம்மா" என்றார் பலராமன்.

கொஞ்ச நேரம் மார்க்கெட் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.