மைக்கில் கத்திய இரக்கம்

இரக்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பெரியப்பாவின் மேல் ஆத்திரம்தான் வருகிறது. அதற்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஆறாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்காக எழுதித் தந்தார். பழைய தமிழில் இரங்குதல் என்றால் ஒலித்தல். கடல் இரங்கும், முரசு இரங்கும். வாய்விட்டு அழுவதும் இரங்கல்தான். "அடுத்தவங்க கஷ்டத்தப் பாத்தா நமக்குள்ள ஒரு சத்தம் கேக்கணும். அதான் இரக்கம்" என்று கண்கலங்க விளக்கினார். முதல் பரிசு எனக்குத்தான்.

அந்தப் பெருமையில், பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் எங்கள் குடும்பம் அன்னதானம் செய்த இடத்தில் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார். என் முதுகுக்குப் பின்னால் அவர் கைகூப்பிச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ். சாயங்காலத்துக்குள்ளேயே வரிசை நீண்டுவிட்டது.

நான் கடல் இரங்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டினார். பெரியப்பா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒண்ணுதாம்மா. ஜாஸ்தி கேக்காத."

"வீட்டுக்காரருக்குங்க. நிக்க முடியல, அதோ ஒக்காந்துக்கினு இருக்காரு." பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் இருக்கிறது, ஒரு பொட்டலத்துக்கு இந்தப் பாடா?

"பெரியப்பா, குடுங்க! அவங்க வீட்டுக்காரரு பசியில ஒக்காந்துனு இருக்காரு!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன்.

நடந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் நின்று திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவின் முகம் கறுத்தது. மறுகணமே சிரிப்பை மாட்டிக்கொண்டார். நான்கு பொட்டலங்களை எடுத்து அந்த அம்மாவின் கையில் திணித்து, கையை விடாமல் பிடித்தபடி சித்தப்பாவைப் போட்டோ எடுக்கச் சொன்னார். என்ன மனிதர்!

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முதலில் வாங்கியதையும் சேர்த்து எல்லாவற்றையும் மேசையிலேயே வைத்தார். புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பி, கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

"எவ்ளோ திமிரு பாரு" என்றார் பெரியம்மா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்களுக்காகத்தானே கத்தினேன் என்று வேங்கிக்கால் வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினார் என்பது மட்டும் எனக்கு அன்று விளங்கவே இல்லை.