நாற்பது இழை

கெங்கம்மாளை யாரும் நெசவாளி என்று சொன்னதில்லை. அவளும் சொல்லிக்கொண்டதில்லை. களம்பூர்ப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த வீட்டில் பிறந்தவள். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷன் செத்த பிறகு, விரல் நுனியை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு ஒன்று முடிந்ததும் புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரம் இழை, சில தறிக்கு அதற்கும் மேலே. சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு திருகு. விடியலில் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு தறியைப் பிணைத்துவிடுவாள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஆரணியில் அவள் பிணைக்காத தெரு குறைவு. ஆனால் ஒரு தறிக்குழியிலும் அவள் இறங்கி உட்கார்ந்ததில்லை. குழி நெய்கிறவருடையது. பிணைக்கிறவள் தரையில் உட்காருவாள், முடிந்ததும் சாம்பல் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் வானத்திலிருந்து தொம்பைகள் இறங்கின. நெல் கொட்டி வைக்கும் தொம்பை மாதிரியே இருந்ததால் ஊர் அப்படிப் பேர் வைத்தது. அதிலிருந்து வந்தவர்களுக்கு நெட்டையன்கள் என்று பேர். எட்டடி உயரம், தலையிலிருந்து கால்வரை விறைத்த உறை. அவர்களால் குனிய முடியாது. அவர்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது வருடம் செய்யாறு வரைக்கும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. வெம்பாக்கத்தில் மட்டும் நம் ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். கெங்கம்மாளின் ஒரே மகள் மதிவதனி ஏழு மாத வயிற்றோடு அங்கே முகாமில் இருந்தாள்.

தொம்பை எழும்போது அதன் அடிவயிற்றில் கிளம்பும் சூட்டைத் தடுக்க ஒரு திரை வேண்டும். திரை இல்லாமல் எழுந்தால் தன் சூட்டில் தானே வெந்துவிடும். அந்தத் திரையின் இழை பட்டும் இல்லை, கம்பியும் இல்லை. அதன் பக்கத்தில் மோட்டார் ஓடாது. விசைத்தறியில் வைத்துப் பார்த்தார்கள், ஒரு முழம்கூட ஏறவில்லை. கைத்தறிதான் வேண்டும், இழையின் இழுவையை உணர்கிற கையும் வேண்டும். நெட்டையன்களின் கையுறைக்கு அது தெரியவில்லை.

ஆற்றோரம் மூடிக்கிடந்த அரிசி ஆலையில் பன்னிரண்டு குழி வெட்டிப் பன்னிரண்டு தறி போட்டார்கள். பன்னிரண்டு பேரைத் தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். இழைச்சுருள் மாறும்போது பிணைக்க ஆள் வேண்டும் என்று வேணுகோபால் சொன்னதால் கெங்கம்மாளையும் கொண்டுவந்தார்கள். வேணுகோபால் முதல் தறிக்காரர், முப்பது வருடம் நெய்தவர். பாவில் அறுந்த இழையைக் கட்டாமல் தறியை விட்டு எழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நெட்டையன்களுக்கு மனித முகம் எல்லாம் ஒன்றுதான். அவர்கள் சத்தத்தை எண்ணினார்கள். பன்னிரண்டு தறி ஓடினால் பன்னிரண்டு பேர். ஒரு சத்தம் குறைந்தால் வாசலில் வந்து நிற்பார்கள். சோறும் பன்னிரண்டு தட்டுதான் வந்தது. கெங்கம்மாளுக்குத் தறி இல்லை, அதனால் தட்டும் இல்லை. கடைசித் தறியில் நெய்த பூங்காவனம் தன் தட்டில் பாதியைத் தள்ளிவைப்பாள். எங்களுக்காவது ஜெயிலு, உனக்கு இன்னான்னே தெரியலயே யக்கா என்பாள்.

தப்பிப்பதற்கான சுரங்கத்தை கெங்கம்மாள் தோண்டியதும் இதனால்தான். மற்றவர்கள் எழுந்தால் சத்தம் நிற்கும். பூங்காவனத்தின் குழிக்கும், நெல் ஊறிய தண்ணீர் ஆற்றுக்குப் போகும் பழைய கால்வாய்க்கும் நடுவில் எட்டடி மண். பூங்காவனம் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருக்க, அவள் கால்களுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு கெங்கம்மாள் உடைந்த கரண்டியால் ஏழு வாரம் மண்ணைப் பறித்தாள். மண் முந்தானையில் போய் உமிக் குவியலுக்கு அடியில் சேர்ந்தது. துளையின் வாயில் ஒரு கோணி. குனிய முடியாதவர்கள் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோட்டை மைதானத்தில் நின்ற பெரிய தொம்பைக்குப் புதுத் திரை கேட்டார்கள். பழையது பொத்தலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் திரை ஏறும், உடனே தொம்பை எழும், வெம்பாக்கத்தை அடிக்கப் போகும். மகளின் பேரை கெங்கம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. சுரங்கம் மட்டும் போதாது, திரையையும் கெடுக்க வேண்டும் என்று சொன்னாள்.

திரை வேணுகோபாலின் தறியில் ஏறியது. இழைச்சுருள் இரண்டு கெஜம் குறைந்துபோக, கடைசியில் புதுச்சுருளைப் பிணைக்க வேண்டிவந்தது. சேலையாக இருந்தால் பிணைத்த இடத்தை வெட்டி எறிவார்கள். நெட்டையன்கள் வெட்ட விடவில்லை. அது கெங்கம்மாளுக்கு வசதியாகப் போயிற்று. எல்லா இழையையும் முறுக்கினாள், நடுவில் அடுத்தடுத்து நாற்பது இழையை மட்டும் முறுக்கவில்லை. நுனியோடு நுனி சேர்த்துக் கஞ்சியும் சாம்பலும் வைத்து ஒட்டினாள். மெதுவாக நெய்தால் தாங்கும். மேலே இழுத்துக் கட்டி, சூடும் ஏறினால் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, கையுறைக்குத் தெரியாது. விரலுக்கு மட்டும்தான் தெரியும். வேணுகோபாலிடம் நாற்பது என்று சொன்னது அவள்தான். ஏன் நாற்பது என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. சோற்று நேரம், எல்லாத் தறியும் நிற்கிற ஒரே நேரம். அடுத்த சங்குக்கு நாற்பது நிமிடம். தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொருவராக பூங்காவனத்தின் குழிக்குள் இறங்கினார்கள். முழங்கையால் ஊர்ந்து கால்வாய்க்குள் விழுந்து, ஆற்றோர நாணலுக்குள் வெளிப்பட்டார்கள். அக்கரைத் தோப்பில் வெம்பாக்கத்திலிருந்து ஒளிந்து வந்த நம் ஆட்கள் காத்திருந்தார்கள். வேணுகோபாலின் தோள் அகலம், துளையில் மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து கெங்கம்மாள் தள்ளினாள். அவர் கடக்கவே பத்து நிமிடம் போயிற்று.

நாணலுக்குள் அவர் ஓடவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெங்கா, கையில சாம்பல் கீது."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மெல்லச் சொன்னார்.

"காலைல நெய்யறப்போ நீ பிணைச்ச எடம் அச்சுக்குள்ள வந்துது. ஒண்ணொண்ணா வுட்டுது. கட்டிட்டேன்."

"எத்தினி?"

"எல்லாம். நான் நெனச்சுக் கட்டலம்மா. கை கட்டிச்சு."

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, முப்பது வருசமா நல்ல பேரு வாங்கின கை, இன்னிக்கா வாங்கணும் என்றாள். வேணுகோபால் திரும்பத் துளைக்குள் தலையை விடப் பார்த்தார். கெங்கம்மாள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"உங்க கைய நம்பி இன்னொரு தபா அனுப்ப முடியாதுண்ணா. இன்னும் கெட்டியா கட்டிட்டு வந்துருவீங்க."

மற்றவர்களைத் தோப்புக்குப் போகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆலைக்குள் ஈ மொய்க்கும் சத்தம் மட்டும் இருந்தது. பன்னிரண்டு தட்டில் சோறு அப்படியே கிடந்தது. வாசல் கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு நெட்டையனின் நிழல். முதல் தறி அந்தக் கதவை ஒட்டியிருந்தது. துணி சுற்றியிருந்த படமரத்தை ஒரு சுற்று திருப்பிவிட்டு, நெய்த துணியின் மேல் விரலை ஓட்டினாள். வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் ஓட்டினாள். ஓர் இடத்தில் எறும்பு வரிசை மாதிரி நெருடியது. சின்னச் சின்ன முடிச்சுகள், கல்யாணச் சேலைக்குப் போடுகிற முடிச்சு. அந்த நிலையிலும் அவர் வேலையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கத்தி, பிளேடு எதையும் நெட்டையன்கள் உள்ளே விட்டதில்லை. மார்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். முடிச்சை ஊக்கால் நெம்பி மேலே தூக்கி, குனிந்து பல்லால் கடித்தாள். இழை நாக்கில் பட்டதும் மிளகாய் போலச் சுட்டது. ஒன்று. நுனிகளைத் துணிக்குள் தள்ளி நகத்தால் நீவினாள். இரண்டு.

பத்தாவதில் உதடு கிழிந்தது. ரத்தம் துணியில் பட்டால் தெரிந்துவிடும். புடவைத் தலைப்பை மோவாய்க்குக் கீழே அடைத்துக்கொண்டாள். இருபதில் கதவின் நிழல் நகர்ந்தது. மூச்சை நிறுத்தினாள். நிழல் பழைய இடத்துக்கு வந்தது. முப்பதில் நாக்கு மரத்துவிட்டது, அதன் பிறகு கடிப்பது சுலபமாக இருந்தது. மதிவதனி குழந்தையாக இருந்தபோது நகம் வெட்டத் தெரியாமல் இப்படித்தான் பல்லால் கடித்தெடுத்தது நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

முப்பத்தேழில் சங்கு ஊதியது.

துணியை இழுத்துச் சுற்றினாள். கடைசித் தறி ஆலையின் அந்தக் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் ஓடுவதற்குள் கதவு திறந்துவிடும். சத்தம் ஒன்றுமே இல்லாவிட்டால் ஆள் தேடுவார்கள், குழிகளைக் கிளறுவார்கள், பிறகு துணியையும் சந்தேகிப்பார்கள். இரண்டாவது தறி ஒரு எட்டில் இருந்தது. கெங்கம்மாள் அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தாள். நெய்கிறவர் இடத்திலிருந்து ஒரு தறியை அவள் பார்த்ததே இல்லை. மிதித்தாள். கயிற்றை இழுத்தாள். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள், ஓடியது. அச்சை அடித்தாள்.

கதவு திறந்தது. நெட்டையன்கள் இரண்டு பேர். ஒருவன் கையில் பேசுகிற இரும்புப் பெட்டி. அது தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரித்தான் எப்போதும் பேசும்.

"மீதமுள்ள பதினொரு தறிகள் இயங்காமைக்குக் காரணம் தெரிவிக்கவும்."

சித்திரையில் மூன்று பேருக்கு வாந்திபேதி வந்தபோது நெட்டையன்கள் நடுங்கிப்போய் ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அது அவளுக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

"வயித்தால போவுதுங்க. எல்லாருக்கும். பின்னால ஒதுங்கியிருக்காங்க."

தொடாத தட்டுகளைக் கையால் காட்டினாள். நெட்டையன்கள் ஓரடி பின்னால் போனார்கள். அவள் நிறுத்தாமல் மிதித்தாள்.

"இத்தறியின் ஒலி சீராக இல்லை."

"எனக்கும் தாங்கலீங்க."

அவள் உதட்டு ரத்தத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் வேகமாக முதல் தறிக்குப் போய், கையிலிருந்து ஒரு நீல வெளிச்சத்தை ஓட்டித் துணியை அறுத்தான். நீண்ட கையால் படமரத்தோடு தூக்கித் தோளில் வைத்தான். மற்றவன் கையுறையால் துணியின் மேல் ஒருமுறை தடவினான். பிணைப்பு இருந்த பக்கம்தான். கெங்கம்மாள் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை ஓரிடத்தில் நின்றது, பின் விலகியது. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியிலிருந்து எதையோ பூசி அடைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு முழம் நெய்யும்வரை அவள் எழவில்லை. எழுந்ததும் பூங்காவனத்தின் குழிக்குப் போய்த் துளைக்குள் ஊர்ந்தாள்.

வேணுகோபால் தோப்புக்குப் போகவில்லை. நாணலுக்குள் குந்தியிருந்தார்.

"எத்தினி?"

"முப்பத்தேழு."

இரண்டு மணிக்குமேல் கோட்டைப் பக்கம் தொம்பை எழுந்தது. அடியில் புதுத் திரை விறைப்பாக இழுபட்டு வெயிலில் மின்னியது. ஆலைக்கு மேலாக வந்தது. நின்றது. கிழக்கே திரும்பியது. திரை அப்படியே இருந்தது. கெங்கம்மாள் மீதி மூன்று இழையை நினைத்தாள். மூன்றும் அடுத்தடுத்து, அந்த நாற்பதின் ஓரத்தில். நல்ல முடிச்சு.

பிறகு திரையின் நடுவில் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு தெரிந்தது. கோடு விரல் அகலமாயிற்று. அதற்குள்ளிருந்து சிவப்பு வழிந்தது. தொம்பை சாய்ந்து, ஊரைத் தாண்டி, ஏரிக்கு அப்பால் தரிசில் போய் விழுந்தது. சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

சண்டை முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. மதிவதனிக்கு வெம்பாக்கத்திலேயே பெண் பிறந்தது. கெங்கம்மாளுக்கு நாக்கில் உறைப்பு தெரியாமல் போய்விட்டது. அவள் வைக்கிற குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியாது என்று மகள் சொல்லிக்கொண்டிருப்பாள். தறி ஒன்று போட்டுத் தருவதாக ஊரில் கேட்டார்கள். குழிக்குள் உட்கார்ந்தால் கால் நடுங்குகிறது என்று சொல்லிவிட்டு, சாம்பல் கொட்டாங்கச்சியோடு பழையபடி தெருத்தெருவாகப் போனாள்.

வேணுகோபால் வீட்டில் பிணைக்கப் போகிற நாளில் அவர் தறிக்குழியை விட்டு மேலே வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். பாவில் ஏதாவது இழை அறுந்து தொங்கினால் தொடமாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

"கெங்கா, இதைக் கட்டலாமா?"

"கட்டுங்கண்ணா" என்பாள். அதற்குப் பிறகுதான் கட்டுவார்.