ஆணிக் கச்சேரி

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். தலை நரைத்தும் விடவில்லை. மருந்துக்கடையில் மதிய ஷிப்ட். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதைத் தவிர, வாழ்க்கையில் வேறெதையும் அடித்துப் பேசியதாகத் தெரியவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கூடவே அவருடைய ஹார்ப்சிகார்டும் இருந்தது.

பார்க்கப் பியானோ ஜாடைதான், ஆனால் ஒல்லி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் அதே சத்தம்தான். கோபத்தைக் காட்ட வழியே கிடையாது. பாப்பாவுக்கென்றே செய்த வாத்தியம். அவர் படித்த இசைப்பள்ளியை இழுத்து மூடியபோது சீந்துவாரற்றுக் கிடந்ததைக் கேட்டு வாங்கி, வீட்டின் முன் அறையில் வைத்திருந்தார்.

அண்ணனுக்கு இரும்புச் சாமான் கடை, ஞாயிறும் திறந்திருக்கும். காலையில் அவர் ஷேவ் செய்யும்போது முன் அறையிலிருந்து டிங், டிங், டிங் என்று ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். "ஆணிக் கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்று முனகிக்கொண்டே கிளம்பிவிடுவார்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவருக்கு முன் அறை தேவைப்பட்டது. "அந்தப் பெட்டியைப் பின்னாடி ஷெட்ல போட்டுடலாம் பாப்பா. ஆணியடிக்க எந்த இடமா இருந்தா என்ன?"

ஷெட்டுக்குத் தகரக் கூரை. ஒரு கோடை போதும், பலகை பிளந்துவிடும். பாப்பா அதைச் சொல்லவில்லை. "சரிண்ணா" என்றார். பிறகு ஒரு சிறிய அரங்கத்தை வாடகைக்குப் பிடித்தார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் இசை, தனிக் கச்சேரி. முடிந்ததும் பெட்டி அங்கிருந்து நேராக ஷெட்டுக்கு.

"அது வீணாப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது நாலு பேர் முன்னாடி வாசிச்சிடறேன் அண்ணி" என்றார்.

அன்று ஏ.சி.யைப் போடாமல் மதியம் முழுக்கச் சுருதி சேர்த்துவிட்டு உடை மாற்றப் போனார். அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டார். அரங்கம் புழுங்கியது. தங்கைக்கு வேர்க்குமே என்று காவலாளியிடம் சொல்லி ஏ.சி.யை முழுசாகப் போடவைத்தார். பாசம்தான், வேறென்ன. குளிரில் தந்திகள் விறைத்துச் சுருதி விலகியது.

பாப்பா மேடையேறி இரண்டு வரி வாசித்தார், நிறுத்தினார். "மன்னிச்சுக்கோங்க, கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, சுருதிச் சாவியை எடுத்து ஒவ்வொரு தந்தியாகத் திருக ஆரம்பித்தார். டிங், டிங், டிங்.

அண்ணன் தன் மனைவி பக்கம் சாய்ந்தார். "தினம் வாசிக்கிறதைத்தானே வாசிக்கிறா? எதுக்கு மன்னிப்பு?"

"இது வாசிக்கிறது இல்லைங்க. சுருதி சேர்க்கிறது. நீங்க கடைக்குப் போனப்புறம்தான் வாசிப்பா."

"ஏன்?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு."

 மேடையில் பாப்பா சாவியை வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கால நடன மெட்டுகள். இடது கை சொன்னதை வலது கை மறுத்துப் பேசியது, பிறகு ஒத்துக்கொண்டது, மறுபடி ஓடிப் பிடித்தது. அண்ணனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து கேட்டார். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தும் இதைக் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் வாசலில் வண்டிக்காரர் கேட்டார். "ஷெட்டுக்குத்தானே சார்?"

"முன் ரூமுக்கு."

பாப்பா திரும்பிப் பார்த்தார். "அப்ப கல்யாண மாப்பிள்ளைக்கு?"

"எங்க ரூமைக் கொடுத்துடறோம். நாங்க மாடிக்குப் போயிக்கறோம்." பெட்டியை ஏற்ற அவரும் ஒரு பக்கம் கை கொடுத்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குக் கடையைக் கொஞ்சம் லேட்டாத் திறக்கிறேன்."